வெயிலும் பிள்ளைகளும்: உங்கள் கேள்விகள், டாக்டரின் பதில்கள்

ஏப்ரல் பிறந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வெயிலைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. லீவு விட்டதிலிருந்து தெருப் பிள்ளைகளோடு சைக்கிள், கோகோ என்று ஒரே ஆட்டம். "பொம்பளைப் பிள்ளை, கருத்துப் போயிடுவா, உள்ளே வை" என்று மாமியார் தினமும் சொல்கிறார். அவள் அண்ணனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சன்ஸ்கிரீன் போட்டு அனுப்பலாமா? ஏற்கெனவே கருத்த கைகாலுக்கு எலுமிச்சையும் தயிரும் தேய்க்கச் சொல்கிறார்கள், செய்யலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்த எலுமிச்சையைக் கீழே வையுங்கள். எலுமிச்சைச் சாறு தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால், ஒன்றிரண்டு நாளில் அந்த இடம் சிவந்து, சில சமயம் கொப்புளம் கண்டு, அப்புறம் பழுப்பாக மாறி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போகாமல் நிற்கும். சாற்றில் இருக்கும் ஒரு பொருள் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைப் பொசுக்கிவிடுகிறது. ஜூஸ் பிழிந்த கையைச் சரியாகக் கழுவாமல் அம்மா குழந்தையைத் தோளைப் பிடித்துத் தூக்கியிருப்பார், பிறகு வெளியே வெயிலில் விட்டிருப்பார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தோளில் நாலு விரலும் பழுப்பாகப் பதிந்திருக்கும். யாரோ பிள்ளையை அடித்துவிட்டார்கள் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். கருமையை எடுக்கத் தேய்த்தது இன்னும் கருப்பாக்கிவிடும் என்பதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், நிச்சயம் புரிந்துகொள்வார்.

வெயிலில் தோல் கருப்பது ஒரு நோய் இல்லை. புற ஊதாக் கதிர் பட்டதும் தோல் தன்னைக் காத்துக்கொள்ள மெலனின் என்ற நிறமியைக் கூடுதலாகச் சுரக்கிறது, வெயில் குறைந்தால் சில வாரங்களில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அதற்காக எந்த க்ரீமும் தேவையில்லை. குறிப்பாக, சிவப்பழகு தரும் என்று விற்கும் க்ரீம்களைக் குழந்தைகள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டும், சிலவற்றில் பாதரசமும் இருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. தோல் புற்றுநோய் வருமா என்று வேறு சிலர் பயந்து எழுதியிருந்தார்கள். நம் நிறத் தோலில் வெயிலால் அது வருவது அபூர்வம், வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு எழுதிய எச்சரிக்கையை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. பிறவியிலேயே நிறமி இல்லாத அல்பினிசம் உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து உண்மையிலேயே பெரியது, அவர்களுக்கு முழுக்கை, தொப்பி, சன்ஸ்கிரீன், தோல் டாக்டரிடம் தொடர்ந்து காட்டுவது எல்லாமே கட்டாயம்.

அப்படியானால் எதற்காகக் காக்க வேண்டும் என்று கேட்பீர்கள். தோல் வெந்து எரிவது, சொறியோடு தடிப்பு வருவது, பல வருட வெயில் கண்ணில் சேர்ந்து பிற்காலத்தில் புரையாகவும், வெள்ளை விழியில் சதை வளர்ச்சியாகவும் வெளிப்படுவது, இதற்காகத்தான். கண்ணுக்குள் போகும் கதிரை நம் தோலின் நிறம் தடுக்காது. ஆணும் பெண்ணும் இதில் ஒன்றுதான்.

காப்பதற்கு முதல் வழி நேரம். நமக்குச் சூடு அதிகமாக உறைப்பது மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. ஆனால் புற ஊதாக் கதிர் உச்சத்தில் இருப்பது சூரியன் நேர் மேலே நிற்கும் பன்னிரண்டு மணிவாக்கில். இந்தக் கதிர் உடம்புக்குச் சுடாது, அதனால் "இன்னிக்குக் காத்து அடிக்குது, வெயில் தெரியலை" என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். போனில் வானிலை பார்க்கும்போது கீழே யுவி இண்டெக்ஸ் என்று புற ஊதாக் கதிரின் அளவைச் சொல்லும் ஒரு எண் வருமே, அது 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை, 8-க்கு மேல் மிக அதிகம், 11-க்கு மேல் போனால் அதற்குமேல் வகையே கிடையாது. நம் ஊரில் கோடை நடுப்பகலில் 11, 12 என்பது சாதாரணம். கத்திரி முடிந்துவிட்டால் இது குறைந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருவது ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, திரும்ப ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை. போன் வேண்டாம் என்றால் பிள்ளைக்கே ஒரு வழி சொல்லிக்கொடுங்கள்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் நிழலுக்கு வந்துவிடு. என் அனுபவத்தில் ஐந்து வயசுப் பிள்ளைகள்கூட இதைப் பிடித்துக்கொள்கிறார்கள், பெரியவர்களைத் திருத்தவும் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆக, காலை பத்து மணிக்குள்ளும் மாலை நாலுக்கு மேலும் உங்கள் மகள் ஆசைதீர ஓடட்டும். நடுப்பகலில் அவளும் வேண்டாம், அவள் அண்ணனும் வேண்டாம்.

சன்ஸ்கிரீன் போடலாம். எஸ்பிஎஃப் 30 போதும். 30 என்றால் தோலை எரிக்கும் யுவி-பி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98 சதவீதம், அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அட்டையில் பிஏ+++ என்று இருக்கிறதா பாருங்கள், எஸ்பிஎஃப் கணக்கில் வராத யுவி-ஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்கானது அது. குழந்தைகளுக்கு ஜிங்க் ஆக்ஸைடு உள்ளது நல்லது, ஆனால் நம் நிறத்தில் விபூதி பூசினது போலத் தெரியும், பிள்ளைகள் முரண்டு பிடிப்பார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, பிள்ளையின் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் க்ரீமைப் பிதுக்கினால் அதுதான் அளவு. பெரும்பாலானவர்கள் இதில் கால்வாசிதான் தடவுகிறார்கள். வெளியே போவதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வேர்த்துக் கொட்டினால் அதற்கும் முன்னாலேயே திரும்பப் போட வேண்டும். இது முடியாத வீடுகளுக்கு நான் சொல்வது: அந்தப் பணத்தில் நல்ல தொப்பியும் நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையும் வாங்குங்கள். துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், அந்தப் பக்கம் தெரிந்தால் கதிரும் அப்படியே உள்ளே வரும்.

கேள்வி: பேத்திக்கு நாற்பது நாள் ஆகிறது. பிறந்தபோது மஞ்சள் காமாலை லேசாக இருந்தது. நாங்கள் எல்லாம் பிள்ளையை எண்ணெய் தேய்த்து இளவெயிலில் காட்டித்தான் வளர்த்தோம். மருமகள் கூடாது என்கிறாள். எது சரி?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. காலை ஏழு, ஏழரை மணி வெயிலில் சில நிமிடம் முகத்தை மறைத்து மடியில் வைத்திருந்தால் குழந்தைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் நாம் நினைக்கும் பலனும் அதில் அவ்வளவாகக் கிடையாது. வைட்டமின் டி-யைத் தோலில் உண்டாக்கும் யுவி-பி கதிர் அந்த நேரத்தில் மிகக் குறைவு. அது நிறைய இருக்கும் நடுப்பகலில் பச்சைக் குழந்தையை வெயிலில் காட்டக் கூடாது. அதனால்தான் பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறோம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு அதைத் தவறவிடாதீர்கள்.

மஞ்சள் காமாலை விஷயத்தில் வெயிலை நம்பி உட்காரவே கூடாது. ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் படுக்கவைப்பது அளந்து கொடுக்கும் வைத்தியம், வெயில் அதற்கு ஈடாகாது. பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்காலுக்கு மஞ்சள் இறங்கினாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பேத்திக்கு நாற்பது நாள் ஆன பிறகும் கண்ணில் மஞ்சள் மிச்சம் இருந்தால், அல்லது மலம் வெளுத்துப் போனால், இந்த வாரமே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

ஆறு மாதம் வரை சன்ஸ்கிரீனும் வேண்டாம். நிழல், மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டை, வெளியே போனால் குடை. தாத்தா காலத்துக் கறுப்புக் குடைதான் இதற்கு நல்லது, பூப்போட்ட வெளிர் குடையைவிட அது அதிகமாகத் தடுக்கும்.

கேள்வி: எட்டு வயதுப் பையன். ஒவ்வொரு வருஷமும் மார்ச் ஆனால் கண் சிவந்து அரிப்பு தாங்காமல் முஷ்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பான். வெயிலில் கண்ணைத் திறக்க மாட்டான். போன வருஷம் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தையே மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிறோம், போட்ட அன்றே சரியாகிவிடுகிறது. தொடரலாமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குப் பதற்றமாகிவிட்டது. வீட்டில் இருக்கும் பாட்டிலை எடுத்து, பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், இதில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இவை ஸ்டீராய்டு. போட்ட அன்றே சரியாகிறது என்பதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது. டாக்டர் பார்வையில் சில நாள் போட்டால் இது நல்ல மருந்து. யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் போட்டால் கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறும், அது வலிக்காது, பையனுக்கே தெரியாது, பார்வை நரம்பு கெட்ட பிறகுதான் வெளியே தெரியும். அப்படிப் போன பார்வை திரும்பாது. சின்ன வயதிலேயே புரை விழுவதும் இதனால்தான் நடக்கிறது. ஆனால் பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போய் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் கண் பிரிவிலேயே அளப்பார்கள்.

பையனுக்கு இருப்பது பெரும்பாலும் வெயில்கால அலர்ஜி. சூடும் வறட்சியும் தூசியும் உள்ள ஊர்களில், ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள், ஆண் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். கண்ணிலிருந்து நூல் மாதிரி பிசுபிசுவென்று வரும், கருவிழி ஓரம் பழுப்பேறும், மேல் இமையைப் புரட்டினால் உள்ளே சொரசொரப்பாக இருக்கும். இது மெட்ராஸ் ஐ இல்லை, அது வைரஸ், ஒட்டும். இது ஒட்டாது. வயது ஏற ஏறப் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும், அதுவரை கண்ணைக் கெடுக்காமல் கொண்டுபோவதுதான் நம் வேலை.

முக்கியமாகத் தேய்ப்பதை நிறுத்த வேண்டும். வருஷக்கணக்கில் முஷ்டியால் அழுத்தித் தேய்த்தால் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைத்துவிடும், அப்புறம் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. "தேய்க்காதே" என்று கத்தினால் நடக்காது, அவ்வளவு அரிக்கும் அந்தப் பிள்ளைக்கு. சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து மூடிய கண்மேல் வைக்கக் கொடுங்கள். கண்ணீர் மாதிரியான மசகுச் சொட்டை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் போட்டால் அரிப்பு நன்றாகவே தணியும். ஸ்டீராய்டு இல்லாத அலர்ஜி சொட்டுகள் உண்டு, டாக்டர் எழுதுவார். வெளியே போகும்போது தொப்பியும் கூலிங் கிளாஸும் போடட்டும். இந்தப் பையனுக்கு அது ஸ்டைல் இல்லை, மருந்து. பள்ளியில் ஆசிரியரிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கூலிங் கிளாஸ் குழந்தைகளுக்கு உண்மையில் தேவையா? மகாபலிபுரத்தில் எண்பது ரூபாய்க்கு வாங்கிக்கொடுத்தேன். வெயில் கண்ணுக்குக் கெடுதல் என்று மூத்தவளை வெளியிலேயே விடுவதில்லை, ஆனால் அவளுக்குத்தான் வருஷா வருஷம் பவர் ஏறுகிறது.
— வாசகி, தாம்பரம்

பதில்: எண்பது ரூபாய்க் கண்ணாடியை விளையாட்டுச் சாமானோடு போட்டுவிடுங்கள். கறுப்பாக இருப்பதற்கும் கதிரைத் தடுப்பதற்கும் சம்பந்தம் இல்லை. இருட்டான கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிந்து கொடுக்கும், அப்போது தடுக்கப்படாத கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். சின்னப் பிள்ளைகளின் கண் லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவு, அதனால் கதிர் ஆழமாகப் போய்விடுகிறது. வாங்கினால் யுவி 400 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், பல கண்ணாடிக் கடைகளில் அளந்து காட்டும் கருவி இருக்கிறது, கேளுங்கள். பவர் கண்ணாடி போடும் பிள்ளைக்கு பாலிகார்பனேட் லென்ஸ் வாங்கினால் அதுவே கிட்டத்தட்ட முழுக்கத் தடுத்துவிடும், உடையவும் உடையாது. கண்ணாடியே போட மாட்டேன் என்று கழற்றி எறியும் குட்டிகளுக்குச் சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி போதும், கண்ணில் படுவது பாதியாகக் குறையும்.

மூத்தவள் விஷயம் வேறு. அவளைத் தயவுசெய்து வெளியே விடுங்கள். வீட்டுக்குள் நாம் நல்ல வெளிச்சம் என்று நினைப்பது முந்நூறு, நானூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு அது). வெளியே மரத்தடி நிழலிலேயே அது பல ஆயிரம். அந்த வெளிச்சம்தான் கண் நீளமாக வளர்ந்து கிட்டப்பார்வை வராமல் காக்கிறது. தைவானில் 2010-இலிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியே விட வேண்டும் என்று ஒரு திட்டமாகவே கொண்டுவந்தார்கள், அதுவரை ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாடு அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்தது. ஏற்கெனவே உள்ள பவர் இதனால் குறையாது, ஆனால் அவள் தங்கைக்கு வராமல் தள்ளிப்போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. தொப்பி போட்டு நிழலில் விளையாடினாலும் இந்தப் பலன் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூத்தவளின் பவரைப் பாருங்கள், வேகமாக ஏறினால் அதை மெதுவாக்கச் சொட்டு மருந்து இருக்கிறது, கண் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஊட்டியில் ஸ்வெட்டர் போடும் குளிர். ஆனாலும் திரும்பி வந்தபோது பிள்ளைகள் இருவருக்கும் கன்னமும் மூக்கும் சிவந்து தோல் உரிந்துவிட்டது. பனியாலா?
— வாசகர், ஈரோடு

பதில்: வெயிலால்தான். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும், ஊட்டி 2,240 மீட்டர் உயரம், உங்கள் ஊரைவிட அங்கே கால்வாசி கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய மேகம் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். குளிராக இருப்பதால் யாரும் நிழலுக்கு ஒதுங்குவதில்லை, படகுச் சவாரிக்கு வேறு நடுமதியத்தில் வரிசையில் நிற்கிறோம். அடுத்த முறை தொப்பியை ஸ்வெட்டரோடு சேர்த்தே எடுத்து வையுங்கள். வெந்த தோலுக்குக் குளிர்ந்த தண்ணீர்த் துணி, கற்றாழைச் சாறு, நிறையத் தண்ணீர், மோர். ஐஸ் வைக்காதீர்கள், கொப்புளத்தைக் குத்தாதீர்கள், உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இப்படி ஆனால் வீட்டு வைத்தியமே வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: மகன் கன்னத்தில் வெளுத்த திட்டுக்கள். பூச்சி மருந்து கொடு, கால்சியம் கொடு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வறண்ட தோலில் வரும் திட்டு, பூச்சிக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தம் இல்லை. சுற்றியுள்ள தோல் வெயிலில் கருப்பதால் திட்டு பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். குளித்தவுடன் தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுங்கள், மாதங்கள் ஆனாலும் போய்விடும். பால் வெள்ளையாக இருந்தாலோ, தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை என்று சொன்னாலோ தோல் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும்.

கேள்வி: நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியர். விளையாட்டு வேளை எங்களுக்குப் பதினொன்றரைக்கு வருகிறது. மைதானத்தில் ஒரே ஒரு வேம்பு. என்ன செய்யலாம்?
— வாசகர், புதுக்கோட்டை

பதில்: சார், கால அட்டவணையை மாற்றுவதுதான் உண்மையான மருந்து, தலைமையாசிரியரிடம் பேசி அந்த வேளையை முதல் பீரியடுக்கோ கடைசிக்கோ கொண்டுபோகப் பாருங்கள். கணக்குப் பாடம் காலையில்தான் ஏறும் என்று மறுப்பு வரும், வாரத்தில் பாதி நாளாவது விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். காலைக் கூட்டத்தையும் வேம்பு நிழல் விழும் பக்கம் திருப்பி நிறுத்துங்கள், முதல் வரிசைச் சின்னப் பிள்ளைகளின் முகத்தில் நேர் வெயில் அடிக்காதபடி. ஆஸ்திரேலியாவில் நிறையப் பள்ளிகளில் தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை என்பது விதி. நம் பள்ளிகளில் தொப்பி போட்டு வந்தால் கழற்றச் சொல்கிறோம்! மைதானத்திலாவது அனுமதியுங்கள். கிரிக்கெட் தொப்பியில் காதும் பிடரியும் வெளியே நிற்கும், சுற்று விளிம்பு உள்ளதுதான் நல்லது, தொப்பி வாங்க வசதியில்லாத பிள்ளைக்குத் தலையோடு பிடரியையும் மறைத்துக் கட்டிய துண்டே போதும். மழைக்கு முன்னால் இரண்டு புங்கன் கன்று நட்டுவிடுங்கள், சீக்கிரம் அடர்ந்து நிழல் கொடுக்கும்.

கேள்வி: பத்து வயதுப் பையன், நண்பர்களோடு பந்தயம் கட்டிச் சூரியனை வெறுங்கண்ணால் பார்த்திருக்கிறான். வலி இல்லை, ஆனால் படிக்கும்போது நடுவில் ஒரு புள்ளி மறைக்கிறது என்கிறான்.
— வாசகி, மதுரை

பதில்: உடனே விழித்திரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். விழித்திரைக்கு வலி உணர்வே கிடையாது, அதனால் வலி இல்லை என்பது ஆறுதல் இல்லை. நடுவில் மறைப்பது, நேர்கோடு வளைந்து தெரிவது, இவை வெயில் விழித்திரையின் மையத்தைச் சுட்டதன் அடையாளம். ஓசிடி என்று ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள், ஊசி கீசி எதுவும் இல்லை. பெரும்பாலும் வாரங்களில், மாதங்களில் நன்றாகவே தேறிவிடும், சிலருக்குச் சின்னப் புள்ளி தங்கிவிடுவதும் உண்டு. இதைச் சரியாக்கும் மருந்து என்று எதுவும் கிடையாது, அதனால் யாராவது சொட்டு மருந்து, வேர், தாய்ப்பால் என்று கண்ணில் விடச் சொன்னால் விடாதீர்கள். கிரகணத்தன்று எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் இதேதான் நடக்கும். 2031 மே 21 அன்று உங்கள் பக்கமே கங்கண கிரகணம் தெரியப்போகிறது, அதற்கென்றே தயாரித்த கண்ணாடி வழியாக மட்டும் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

டாக்டரிடம் போகும் வழியில், எத்தனை நேரம் பார்த்தான், எந்தக் கண்ணால், கூடப் பந்தயம் கட்டியவர்கள் யார் யார் என்று திட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்கும் இன்றே போன் செய்துவிடுங்கள்.